குன்னூர் வீட்டில் ஐந்தடிச் செடித் தொட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

குன்னூரில் சரிவை வெட்டிக் கட்டிய ஓட்டு வீடு. அதன் முன்னறையில் 150 × 60 × 50 செ.மீ. அளவில், 12 மி.மீ. கண்ணாடியில் ஒரு நன்னீர்ச் செடித் தொட்டி, அதாவது நீருக்குள் செடி வளர்க்கும் மீன் தொட்டி. முதல் முறை ஜனவரியில் நிறுவினார்கள். ஏழாவது வாரம் மண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் வாரிக் கொட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் அதே கண்ணாடி, அதே விளக்கு, அதே ஃபில்டர்தான். பத்து மாதமாகத் தெளிவாக ஓடுகிறது. மாறியவை மூன்று: அடிமண், தண்ணீரின் கார்பனேட் கடினம் (கே.எச்., அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தின் அளவு), வெப்பநிலை.

முதல் முறை இந்த மூன்றிலும் சென்னையிலும் கோவையிலும் தொட்டி வைப்பவர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் மேலே, அதுவும் கடினமே இல்லாத மலைத் தண்ணீரில், அந்த அளவுகள் கைகொடுக்கவில்லை.

எடையும் தரையும்

மண்ணும் கல்லும் போட்டபின் இந்தத் தொட்டியில் நிற்கும் தண்ணீர் சுமார் 330 லிட்டர். கண்ணாடி மட்டும் 100 கிலோவை ஒட்டி வரும். அடிமண்ணும் கூழாங்கல்லும் 90, மரக்கட்டையும் பாறையும் 35, இரும்பு ஸ்டாண்டும் பலகையும் 60. கூட்டினால் 615 கிலோ. இது நிற்கும் பரப்பு 0.9 சதுர மீட்டர்தான். அதாவது சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வீட்டு அறைகளுக்கு நம் கட்டடத் தரநிலை கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மாடியில் வைப்பதானால் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் வைக்கக் கூடாது. பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பலகையை எடுத்துவிட்டுக் கீழே மண்ணிலிருந்து செங்கல் தூண் எழுப்பினால்தான் ஆகும்.

தரைத்தளம் என்றாலும் மலை வீட்டில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சரிவில் ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்தித்தான் இங்கே வீட்டுமனை எடுக்கிறார்கள். கொட்டிய பக்கம் ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். இந்த வீட்டில் பள்ளத்துப் பக்கத்துச் சுவரோரம் ரெட் ஆக்சைடு தரையில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. அதைப் பார்த்துத் தொட்டியை மேட்டுப் பக்கச் சுவருக்கு மாற்றினார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஐந்தடி நீளத்துக்கு 4 மி.மீ. சாய்வு. ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்துச் சரிசெய்தார்கள். கண்ணாடிக்கு அடியில் தகடு வைப்பது தவறு. ஒரு மூலையில் தூக்கினால் அந்த மூலையில்தான் ஒட்டு பிரியும்.

ஸ்டாண்டு 50 × 50 × 2 மி.மீ. சதுரக் குழாய், இரண்டு கோட் பிரைமர், மேலே எனாமல். அதன்மேல் 18 மி.மீ. மரைன் பிளைவுட். சாதாரணப் பிளைவுட் ஒரு மழைக்காலத்துக்குள் அப்பளமாக உப்பிவிடும். சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஒட்டி வைத்தால் பின்சுவர் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

கண்ணாடியை மலையேற்றுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒட்டிய தொட்டியைக் கொண்டுவருவது பெரிய ஆபத்து. கண்ணாடி உடையாவிட்டாலும் ஒட்டு முறுக்கிக்கொள்ளும். பலகைகளாக வெட்டி, விளிம்பு தேய்த்து, நிறுத்தி வைத்துக் கொண்டுவந்து அறையிலேயே ஒட்டுவதுதான் சரி.

ஒட்ட வந்த கண்ணாடிக்காரர் மதியம் மூன்று மணிக்கு வேலையை நிறுத்திவிட்டார். விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் போன தடம் தெளிவாகத் தெரிந்தது, சுற்றிலும் மங்கல். “சார், பனி இறங்கிருச்சு. கண்ணாடி வேர்த்திருக்கு. இப்ப ஒட்டினா புடிக்காது, காலைல வெயில் வந்ததும் ஒட்டிக்கலாம்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஈரக் கண்ணாடியில் சிலிக்கான் மேலே ஒட்டியதுபோல் நிற்கும், தண்ணீர் அழுத்தம் வந்ததும் நாடாவாக உரிந்து வரும். மறுநாள் பத்து மணிக்கு விளிம்புகளை அசிட்டோனால் துடைத்து, 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினார்கள். மேல் விளிம்பில் நீளவாக்கில் 6 செ.மீ. பட்டியும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டியும் உண்டு.

சமவெளியில் ஒரு வாரம் காயவிடுவார்கள். இங்கே அறை வெப்பம் 15 டிகிரி. குளிரில் சிலிக்கான் மெதுவாகத்தான் இறுகும். 14 நாள் விட்டார்கள். புளித்த வாசனை முழுதும் போனபிறகே தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு நாள் பாதி, மறுநாள் முழுதும் நிரப்பிக் கசிவு பார்த்தார்கள்.

முதல் முறை நடந்தது

அடியில் போட்ட மண், வீட்டுக்குப் பின்னாலிருந்த தேயிலைத் தோட்ட ஓரத்திலிருந்து எடுத்தது. 4 செ.மீ. மண், மேலே 3 செ.மீ. கூழாங்கல். 300 வாட் ஹீட்டர் ஒன்று, 26 டிகிரிக்கு வைத்தது. மூடி இல்லை. முதல் வாரமே ரோட்டாலாவும் கிரிப்டோவும் நட்டார்கள். தண்ணீர் மூன்றாம் நாள் வெண்மையாகக் கலங்கி, பத்தாம் நாள் தெளிந்தது. தெளிந்ததைப் பார்த்துத் தொட்டி ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

மூன்றாம் வாரம் 20 செர்ரி இறால்கள் விட்டார்கள். மறுநாள் காலை இரண்டைத் தவிர எல்லாம் பால்வெள்ளையாக மல்லாந்து கிடந்தன. அன்று எடுத்த அளவு: அம்மோனியா லிட்டருக்கு 4 மி.கி., நைட்ரைட் இருப்பதே தெரியாத அளவு, பி.எச். 5.6, கே.எச். சுழியம். தாமிரச் சோதனைக் கிட்டும் தாமிரம் இருப்பதைக் காட்டியது.

தாமிரம் வந்த வழி எளிது. தேயிலையில் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறார்கள். ஆண்டுகளாக அடித்த மருந்து மேல்மண்ணில் தங்கியிருக்கும். மீன் தாங்கும் அளவு தாமிரத்தைக்கூட இறால் தாங்காது. அம்மோனியாவும் அந்த மண்ணிலிருந்துதான்: யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் போட்ட மண். உருளைக்கிழங்கு, கேரட் போட்ட நிலத்து மண்ணுக்கும் இதே கதைதான். மலையில் தொட்டிக்கு மண் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மண்ணில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்பதுதான்.

ஆனால் மண்ணைவிடப் பெரிய தடை தண்ணீரில் இருந்தது. மூன்று வாரம் ஓடியும் நைட்ரைட் எழவே இல்லை என்பது அதைக் காட்டுகிறது. அம்மோனியாவை நைட்ரைட் வழியாக நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் சுமார் 7 மி.கி. காரத்தன்மையைத் தின்கிறது. இந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கே.எச். 1, அதாவது லிட்டருக்கு 18 மி.கி. மலைப்பாறையில் சுண்ணாம்பு கிடையாது, ஓடைத் தண்ணீரும் அணைத் தண்ணீரும் மழைநீர் போலத்தான் இருக்கும். 18-ஐ 7-ஆல் வகுத்தால் இரண்டரை. இரண்டரை மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்குள் காரம் தீர்ந்துவிடும். அதன்பின் பி.எச். சரிந்து 6-க்குக் கீழே போகும், பாக்டீரியா ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு மேல், பி.எச்.-ஐ இன்னும் இறக்கும் கார்பன் டை ஆக்சைடையும் செடிக்காக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில் பலர் செய்வது, ஒரு கை ஆப்பசோடாவை அள்ளிப் போடுவது. உயிர் உள்ள தொட்டியில் அதைச் செய்யக் கூடாது. பி.எச். 6-ல் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். ஒரே மணி நேரத்தில் 7.5-க்கு ஏற்றினால் நஞ்சான பங்கு முப்பது மடங்கு கூடிவிடும். சோடா போட்ட அன்று இரவே மீன் சாவது இதனால்தான். முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, பிறகு காரத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும்.

குளிரைக் கணக்கில் சேர்ப்பது

முதல் முறை ஹீட்டர் அணையவே இல்லை. அப்படியும் விடியற்காலையில் 24 டிகிரிதான். 6 மி.மீ. ஆனாலும் 12 மி.மீ. ஆனாலும் கண்ணாடி வெப்பத்தைத் தடுக்காது. அறை 15, தண்ணீர் 26 என்றால் திறந்த தொட்டி தொடர்ந்து ஏறத்தாழ 300 வாட் இழக்கிறது. அதில் நல்ல பங்கு மேற்பரப்பில் ஆவியாவது. நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால் அது மட்டுமே 1.3 யூனிட்டுக்கு மேல். மொத்தம் நாளைக்கு 7 யூனிட் மின்சாரம், ஆவி முழுதும் அறையின் சுவரில்.

இரண்டாம் முறை இலக்கை 21 டிகிரிக்குக் குறைத்தார்கள். செடித் தொட்டிக்கு 26 டிகிரி தேவை என்பது வெப்பமண்டல மீன்களை மனத்தில் வைத்துச் சொல்வது. சமவெளியில் சில்லர் வாங்கித் தண்ணீரைக் குளிர்விக்கப் பாடுபடுகிறார்கள், இங்கே அந்தக் குளிர் சும்மா கிடைக்கிறது. பின்புறமும் பக்கங்களும் 25 மி.மீ. தெர்மாகோல், வெளியே கறுப்புத் தாள். அடியில் 12 மி.மீ. ஃபோம். மேலே 5 மி.மீ. கண்ணாடி மூடி, பின்னால் குழாய்களுக்கு மட்டும் 4 செ.மீ. திறப்பு. இப்போது இழப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 12 வாட். அறை 15-ல் இருக்கும்போது 72 வாட் போதும், நாளைக்கு 1.7 யூனிட்.

ஹீட்டர்கள் 100 வாட்டில் இரண்டு, தொட்டியின் இரு முனைகளில், வெளித் தெர்மோஸ்டாட் ஒன்றோடு. ஒரே பெரிய ஹீட்டர் வைக்காததற்குக் காரணம் உண்டு. 300 வாட் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றால், இந்த மூடிய தொட்டி அறையைவிட 25 டிகிரி மேலே போகும், அதாவது 40. ஒரு 100 வாட் ஹீட்டர் அப்படி நின்றால் 23-ல் நின்றுவிடும்.

21 டிகிரிக்கு இன்னொரு காரணம் ஆக்சிஜன். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம். 21 டிகிரித் தண்ணீர் கடற்கரையில் லிட்டருக்கு 8.9 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், குன்னூரில் 7.1. 26 டிகிரிக்குச் சூடாக்கினால் 6.5. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் காற்றைக் குறைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். சென்னையில் 28 டிகிரித் தொட்டி பிடிப்பதைவிட (7.8) குன்னூரின் 7.1 குறைவு. ஃபில்டர் தண்ணீரைத் துளைகள் வழியாகத் தொட்டிக்குள் விடும் குழாயை (ஸ்ப்ரே பார்) மேற்பரப்பைச் சுருக்கிக்கொண்டே இருக்கும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். இரவில் ஏர் பம்ப் தனியாக ஓடுகிறது.

இரண்டாம் முறை: மண்ணும் தண்ணீரும்

மண் வீட்டுக் கொய்யா மரத்தடியிலிருந்து, உரமோ மருந்தோ படாத இடம். 27 லிட்டர் எடுத்து, 3 மி.மீ. சல்லடையில் சலித்து, வாளியில் ஊறவைத்து மேலே மிதக்கும் வேர், இலைத்தூளை ஊற்றிவிட்டு, தார்ப்பாயில் காயவிட்டார்கள். இப்படி நான்கு முறை. மழைக்காலத்தில் இந்த வேலை நடக்காது, பிப்ரவரி வெயில் வேண்டும். பிறகு ஒரு லிட்டர் மண்ணைப் பத்து லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் வைத்து அம்மோனியாவும் தாமிரமும் பார்த்தார்கள். முதல் முறை இந்த வாளிச் சோதனை ஒன்றைச் செய்திருந்தாலே மொத்த இழப்பும் தப்பியிருக்கும்.

நீலகிரிச் செம்மண் புளிப்பு மண். தொட்டித் தரையில் 100 கிராம் டோலமைட் தூளைச் சீராகத் தூவி, அதன்மேல் 3 செ.மீ. மண்ணைச் சேறுபோலப் பரப்பினார்கள். தேயிலைக்குப் போடும் அதே டோலமைட், உரக்கடையிலேயே கிடைக்கும். மேலே 2–3 மி.மீ. குவார்ட்ஸ் கூழாங்கல் 4 செ.மீ., 36 லிட்டர். கூழாங்கல்லில் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தார்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு. 3 செ.மீட்டருக்கு மேல் மண் போட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகி, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும்.

தண்ணீரில் கே.எச். 3, ஜி.எச். (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினம்) 4-5 இலக்கு. இதற்கு ஒவ்வொரு 100 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கும் பொட்டாசியம் பைகார்பனேட் 7 கிராம், ஜிப்சம் 6 கிராம், எப்சம் உப்பு 4.5 கிராம். பைகார்பனேட் கிடைக்காவிட்டால் ஆப்பசோடா 6 கிராம் போதும். ஆனால் பொட்டாசியம் செடிக்கும் உதவுகிறது. ஜிப்சம் எளிதில் கரையாது. முந்தின நாளே டிரம்மில் போட்டுக் காற்று விட்டுக் கலக்க வேண்டும்.

அந்த டிரம் மலையில் கட்டாயம் என்றே சொல்லலாம். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி. அழுத்தத்தில் வரும் குளிர்ந்த தண்ணீரில் காற்று மிகையாகக் கரைந்திருக்கும். நேராகத் தொட்டிக்கு விட்டால் சூடேறும்போது மீன் துடுப்பிலும் செவுளிலும் குமிழியாக வெளிவரும். டிரம்மில் ஒரு நாள் நின்றால் அது போய்விடும். மாற்றும்போது 80 லிட்டர் டிரம் தண்ணீரோடு கீசரிலிருந்து 50 டிகிரி வெந்நீர் 20 லிட்டர் சேர்த்தால் 21 டிகிரிக்குச் சரியாக வருகிறது. மழைக்காலத்தில் நகராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருக்கும் நாட்களில் 100 லிட்டருக்கு ஒன்றரை கிராம் சோடியம் தயோசல்பேட்.

பாக்டீரியா வளர, மீன் இல்லாமல், அம்மோனியம் குளோரைடு போட்டு லிட்டருக்கு 2 மி.கி.யில் நிறுத்தி ஓடவிட்டார்கள். கே.எச். வாரம் இருமுறை பார்த்து 2-க்குக் கீழே இறங்கவிடவில்லை. 16-ம் நாள் நைட்ரைட் எழுந்தது, 45-ம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாயின. சமவெளியில் ஒரு மாதத்தில் முடிவது இங்கே ஆறு, ஏழு வாரம் எடுக்கும். பொறுக்கத்தான் வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு

இதில் இரண்டு குழப்பங்கள் வந்தன. கீழே நிரப்பி வந்த சிலிண்டரின் மானி இங்கே 50 பார் காட்டியது. கடையில் 70 காட்டியதாம். குறைத்து நிரப்பிவிட்டார்கள் என்று சண்டைக்கே போகவிருந்தார்கள். உள்ளே திரவமாக இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது மட்டுமே: 30 டிகிரியில் 72, 15 டிகிரியில் 51. எவ்வளவு மிச்சம் என்பதை எடை போட்டுத்தான் அறியலாம்.

மற்றொன்று குமிழிக் கணக்கு. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அதே அளவுக் குமிழியில் வாயு 80 சதவீதம்தான் இருக்கும். கோவைக்காரர் சொல்லும் விநாடிக்கு மூன்று குமிழி இங்கே நாலுக்குக் கொஞ்சம் குறைவு. குமிழியை எண்ணுவதைவிட கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரில் 4 கே.எச். திரவம் விட்டு, அதன் பச்சையை நம்பலாம். பி.எச். கொண்டு பார்ப்பதானால், கே.எச். 3-ல் 6.5 வந்தால் லிட்டருக்கு 30 மி.கி. விளக்கு எரிய ஒன்றரை மணி முன்னால் திறந்து, அணைய ஒரு மணி முன்னால் மூடுகிறார்கள்.

விளக்கு 6500 கெல்வின் எல்.இ.டி. 90 வாட், முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு ஏழரை.

செடியும் மீனும்

முன்னால் ஹேர் கிராஸ் 12 சிறு சட்டி, நடுவில் கிரிப்டோ வெண்டி 10, பின்னால் ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா 60 தண்டு, நீர்ப்பிரமி 30 தண்டு. கட்டையில் ஜாவா ஃபெர்னும் ஜாவா பாசியும். குளிரில் ரோட்டாலாவின் நுனி செம்பருத்தி மொட்டுபோலச் சிவக்கிறது, பாசி அடர்ந்து கட்டுகிறது. வளர்ச்சி மெதுவாக இருப்பதால் வெட்டு வேலை நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான். வாலிஸ்னேரியா மட்டும் இந்த மென்னீரில் இரண்டு முறையும் கரைந்துபோனது.

உரத்துக்கு ஊட்டி, குன்னூர்க் காய்கறி விவசாயிகள் சொட்டுநீரில் விடும் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்), 0-52-34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) பொட்டலங்களே போதும். வாரத்துக்கு முதலாவது 5.5 கிராம், இரண்டாவது அரை கிராம், மூன்றாகப் பிரித்து. கூடவே இ.டி.டி.ஏ. இரும்பு கால் கிராம். நுனியிலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு போதவில்லை.

மீன்கள் ஒயிட் கிளவுட் 25, சீப்ரா டானியோ 12, ஆறு மிஸ் கேரளா. மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை மீன், 15 முதல் 25 டிகிரி அதற்கு ஏற்றது. அழியும் ஆபத்திலுள்ள இனம் என்பதால் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு உறுதிசெய்து வாங்கினார்கள். காட்டிலிருந்து பிடித்ததை வாங்கவே கூடாது. வளர்ந்தபின் தொட்டியின் ஐந்தடி நீளம் முழுதும் நீந்தித் திரியும் மீன், நான்கடித் தொட்டிக்கு ஆகாது. இறால்கள் நான்காம் மாதம் விட்டவை, இப்போது குஞ்சுகளோடு பாசிக்குள் இருக்கின்றன. ரோசி பார்ப் குளிர் தாங்கும், ஆனால் இளந்தளிரைக் கடிக்கும், அதனால் தவிர்த்தார்கள். காப்புக்காட்டு ஓடையிலிருந்து கல்லோ பாசியோ எடுப்பது குற்றம். வெட்டிய தண்டுகள் உரக்குழிக்குப் போகின்றன, ஓடைக்கு அல்ல.

கரண்ட் போனால்

வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் இங்கே அரை நாள் இருட்டு சாதாரணம். எல்லோரும் பயப்படுவது குளிருக்கு. கணக்குப் பார்த்தால் இந்த மூடிய தொட்டி 12 மணி நேரத்தில் 2 டிகிரிகூட இறங்காது. ஆபத்து கேனிஸ்டர் ஃபில்டருக்குள் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் ஃபில்டர்). தண்ணீர் நின்றால் உள்ளிருக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் ஆக்சிஜனைத் தீர்த்து அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் முழுதும் தொட்டிக்குள் பாயும். நவம்பரில் 14 மணி நேரம் போனபோது, நான்காம் மணி நேரத்தில் இரண்டு ஃபில்டர்களின் வால்வையும் மூடி, ஸ்பாஞ்சையும் செராமிக் வளையத்தையும் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு, பேட்டரி ஏர் பம்பின் ஒரு கல்லை வாளியிலும் மற்றொன்றைத் தொட்டியிலும் விட்டார்கள். ஃபில்டர் உடலிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மீண்டும் பூட்டினார்கள். மறுநாள் அம்மோனியா சுழியம்.

எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டிருக்கிறார்கள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக. இந்த ஈரத்தில் அது இல்லாமல் தொட்டிக்குள் கைவிடக் கூடாது.

இப்போது மிச்சமிருக்கும் தொல்லை ஒன்றுதான். ஜனவரி முதல் மார்ச் வரை காலை ஒன்பது மணி வெயில் கிழக்கு ஜன்னல் வழியாகத் தொட்டியின் வலது மூலையில் விழுகிறது. அந்த மூலைக் கட்டையில் மட்டும் கறுப்புத் தாடிப் பாசி. திரை போட்டு, பாசி பிடித்த ஃபெர்ன் இலைகளை அடியோடு வெட்டி எடுத்திருக்கிறார்கள். புதிய இலைகள் மூன்று, விரல் நீளத்துக்குச் சுத்தமாக வந்திருக்கின்றன.